அந்தத் துருவைத் தொட்டுவிடாதே

திருச்சி
தை மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு உறை, சிவப்பு நாடா சுற்றிய பிடி, கண்ணைப் பறிக்கிற அலகு. 'கையால் அடித்த அசல் கத்தானா; சேகரிப்பவர்க்கும் பயிற்சி செய்பவர்க்கும் உகந்தது; 38,000 யென்' என்று பக்கத்தில் போட்டிருந்தது. "மாமா, வாங்கிடட்டுமா? நாளையோட சலுகை முடியுது" என்று கேட்டிருந்தாய். 'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து பேச்சே இல்லை. காரணம் சொல்லாமல் தடுத்தது என் தப்பு. அதனால்தான் விடிந்ததும் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமான கடிதம். லீவு நாளில் ஆற அமரப் படி.

நீ நாகோயாவுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நான் 19 வருஷம் இருந்த ஊர். நான் பழகிய அதே டோஜோ பயிற்சிக்கூடத்தில், அதே ஆசான் சென்செய்யிடம், வாளை உருவிப் பழகும் இயாய்டோ கலையைக் கற்கச் சேர்ந்திருக்கிறேன் என்று நீ போனில் சொன்ன அன்று, உன் அத்தையிடம் ராத்திரி முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தேன். உனக்கு வாள் மேல் ஆசை வந்திருப்பது எனக்குத் தெரியாததா? எனக்கும் வந்தது. அந்த ஆசையை அணைக்க இதை எழுதவில்லை. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருள் வெளிநாட்டிலிருந்து வரும் என்று விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, கவனித்தாயா? ஜப்பானில் 1958இல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அலகு 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள வாளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உன்னையும் என்னையும் போன்றவர்களுக்கு விலக்கு ஒன்றுதான்: மாகாணக் கல்விக் குழு கொடுக்கும் பதிவுச் சீட்டு. அந்தச் சீட்டு ஆளுக்குக் கொடுப்பதில்லை, வாளுக்குக் கொடுப்பது. இன்ன வகை, இத்தனை நீளம், இவ்வளவு வளைவு, பிடியாணிக்கு இத்தனை துளை, பிடிக்குள் மறையும் வாலில் இன்ன எழுத்து என்று வாளின் சாதகமே அதில் இருக்கும். மரபு முறையில் செய்த ஜப்பானிய வாளுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். ஸ்பெயினில் வாங்கிவந்த சேபர் வாளைப் பதிவு செய்யச் சொல்லி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1990இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வெளிநாட்டுப் பட்டறையில் செய்த எஃகு வாள், கத்தானாவின் உருவத்தில் இருந்தாலும் சுங்கத்தில் நின்றுவிடும். நிற்காமல் உன் வீடு வந்து சேர்ந்தால் அது அதைவிட மோசம். உன் விசாவையும் வேலையையும் 38,000 யென்னுக்கு அடகு வைக்காதே.

அந்தச் சீட்டை எதற்காகக் கொடுக்கிறார்கள் தெரியுமா? வாள் ஒரு கலைப்பொருள் என்பதற்காக. ஆயுதம் என்ற கணக்கில் ஜப்பானில் வாளுக்கு இடமே கிடையாது. இதை நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'சாமுராயின் ஆன்மா' என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு மயங்கிவிடுகிறோம். 1588இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறித்துக்கொண்டார். 1876இல் மெய்ஜி அரசு சாமுராய்களே வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று ஆணை போட்டது. வாங்க ஆளில்லாமல் கொல்லர்களில் பலர் சமையல் கத்திக்கும் அரிவாளுக்கும் மாறினார்கள். அதன்பின் போர்க்காலம் வந்தது. ராணுவ அதிகாரிகளுக்காக ஆலைகளில் வாள்களைக் குவித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழர்கள் வாளைப் பார்த்தது அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, அதிகாரியின் இடுப்பில். அதையும் மறக்காமல்தான் இந்தக் கலையை நீ நேசிக்க வேண்டும். நானும் அப்படித்தான் நேசித்தேன்.

1945இல் சரணடைந்த பிறகு, நாட்டிலுள்ள வாள்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னது நேசப்படை. போர்க்கால ஆலை வாளோடு அறுநூறு, எழுநூறு வருஷத்து வாள்களும் சேர்ந்து போயின. உருக்கியவை போக, கடலில் கொட்டியவை போக, சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுபோனவையும் ஏராளம். தோகுகாவா குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஹோன்ஜோ மாசாமுனே என்ற வாள் அந்த டிசம்பரில் தோக்கியோ மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மாதம் அங்கிருந்து போனதுதான், இன்றுவரை தடயம் இல்லை. வாளின் பெருமை தெரிந்தவர்கள் ஓடியாடி, 'இது கலை, இதை விட்டுவிடுங்கள்' என்று வாதாடி மீட்டதுதான் இன்று இருப்பது. அவர்கள் 1948இல் தொடங்கியதுதான் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம்.

நான் இதை எழுதுகிற இந்தத் தை மாதத்துக் குளிரில், ஷிமானே மாகாணத்து ஒக்குயிசுமோ மலையில் அந்தச் சங்கத்தின் உலை எரிகிற காலம். ததாரா என்று பெயர். 1977இல் திரும்ப மூட்டிய உலை. குளிர்காலத்தில் சில முறை மட்டும் எரியும். களிமண்ணால் ஒரு தொட்டி கட்டுவார்கள். அடியிலிருந்து காற்று ஊதும். மூன்று பகல், மூன்று ராத்திரி கண் துஞ்சாமல் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். ஏறக்குறைய 10 டன் மணல், 12 டன் கரி. உலைக்குத் தலைவர் முராகே. வெப்பமானியை நம்பி வேலை செய்பவரில்லை அவர். தீயின் நிறத்தையும் கசடு ஓடுகிற விதத்தையும் பார்த்தே அடுத்து என்ன செய்வது என்று சொல்வார். நான்காம் நாள் காலையில் உலையையே உடைத்துவிடுவார்கள். உள்ளே செக்கச்செவேலென்று சுமார் இரண்டரை டன் கட்டி கிடக்கும். அதில் பாதிக்கும் குறைவான பங்குதான் தமாஹகானே என்று சொல்லும் நல்ல எஃகு. உரிமம் பெற்ற கொல்லர்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை உலையை மறுபடி மண்ணிலிருந்து கட்ட வேண்டும்.

கொல்லரின் பட்டறைக்கு அந்த எஃகு கட்டி கட்டியாக வந்து சேரும். ஒரு கட்டியிலேயே ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் மெதுவாகவும் இருக்கும். அதைத் தட்டையாக அடித்து, நீரில் தோய்த்து, சில்லுசில்லாக உடைத்து, உடைந்த வாயைப் பார்த்தே கொல்லர் தரம் பிரிப்பார். சில்லுகளை அடுக்கி, காகிதத்தில் சுற்றி, வைக்கோல் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி, பைன் மரக்கரித் தீயில் வைத்து ஒட்டவைப்பார். பிறகு நீட்டுவதும் நடுவில் உளியால் வெட்டி மடிப்பதும் தொடரும். லட்சம் முறை மடித்த வாள் என்று சினிமாவில் பேசுவார்கள். அப்படி எதுவும் இல்லை. பத்திலிருந்து பதினைந்து முறை மடிப்பதுதான் வழக்கம். பதினைந்தாம் மடிப்பிலேயே அடுக்குகளின் எண்ணிக்கை 32,768 ஆகிவிடும். கசடு வெளியேறவும், கெட்டியும் மெதுவும் கலந்து ஒரே சீராகவும் இந்த மடிப்பு. அளவுக்கு மீறி மடித்தால் ஒவ்வொரு தீயிலும் கரிச்சத்து குறைந்து, எஃகு வெறும் இரும்பாகிப்போகும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் கைத்திறன்.

தோய்ச்சலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைக் கிஃபு மாகாணத்துச் சேகி ஊரில் ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே தீயில் வைக்கும் முன்பே ஒரு வேலை உண்டு. களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றும் குழைத்து அலகின் மேல் பூசுவார்கள். முதுகுப் பக்கம் தடிப்பாக, வாய்ப் பக்கம் மெல்லியதாக. அன்று விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள். இரும்பின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே. கொல்லர் அலகைத் தீயில் முன்னும் பின்னும் இழுத்தபடி இருந்தார். யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. சட்டென்று எடுத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டார். மெல்லிய பூச்சுள்ள வாய் நொடியில் குளிர்ந்து கடினமாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கிறது. வாய்ப்பக்க எஃகு குளிரும்போது கொஞ்சம் விரிவதால் அலகு முதுகுப் பக்கமாக வளைகிறது. நீ பார்த்து வியக்கிற அந்த வளைவின் பெரும் பங்கு சுத்தியலால் வந்ததில்லை, தண்ணீருக்குள் வந்தது. அந்த நேரத்திலேயே வாயில் ஒரு விரிசல் விழுந்தால் அத்தனை மாத உழைப்பும் வீண். அன்று விழவில்லை. கொல்லர் அலகைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அந்தத் துண்டு தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது.

கடினமான வாயும் மெதுவான உடலும் சந்திக்கிற எல்லையில் மூடுபனி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதுதான் ஹமோன். நீ அனுப்பிய படத்தில் வாயோரம் தெரிகிறதே ஒரு அலை, அது அமிலம் வைத்தோ உரசியோ வரைந்த கோடு. அலை முழுக்க ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

கொல்லரோடு வேலை முடிவதில்லை. சாணைக்காரர் கல்லை மாற்றி மாற்றி, கடைசியில் விரல் நுனியில் காகிதம் போன்ற கல்சில்லை வைத்து வாரக்கணக்கில் தேய்த்துத்தான் அந்த மூடுபனியை வெளியே கொண்டுவருகிறார். அலகின் கழுத்துக்கு உலோகப் பட்டை போட ஒருவர். ஹோ மரத்தில் உறை செதுக்க ஒருவர். திருக்கைத் தோல் ஒட்டிய பிடிக்குப் பட்டு நாடா சுற்ற ஒருவர். கைக்காப்பு செய்ய இன்னொருவர். கொல்லராக உரிமம் வேண்டுமானால் உரிமம் பெற்ற குருவிடம் குறைந்தது 5 வருஷம் இருந்து, அரசின் பண்பாட்டுத் துறை நடத்தும் பயிற்சியில் தேற வேண்டும். தேறியவரும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. இத்தனை கையும் இத்தனை காலமும் 38,000 யென்னுக்குள் அடங்குமா என்று நீயே கணக்குப் போட்டுப் பார். பழைய வாள் ஒன்றைச் சாணைக்குக் கொடுத்தாலே அதைவிடப் பல மடங்கு ஆகும்.

சீனாவின் லோங்சுவானில் வாள் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே உழைப்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேறு நாடுகளில் பாய்ச் சுருளை வெட்டிப் பழகுகிறவர்கள் அந்த வாள்களை வாங்குகிறார்கள், அது அவர்களுக்குப் பயன்படுகிறது. இன்ன ஊரில், இன்ன எஃகில் செய்தது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குறையும் இல்லை. சுவரில் மாட்டுகிற துருப்பிடிக்காத எஃகு பொம்மையை 'பயிற்சிக்கு உகந்தது' என்று விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. அவற்றில் பலவற்றில் அலகு பிடிக்குள் முழுசாகப் போகாது. மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். வேகமாக வீசும்போது அது ஒடிந்தால் அலகு பறந்து எதிரே நிற்பவர் மேல் போய் விழும்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். உனக்கு இப்போது தேவை கூர் இல்லாத பயிற்சி வாள், இயாய்த்தோ. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. சட்டத்தின் பார்வையில் அது வாள் இல்லை, சீட்டும் வேண்டாம். நீ இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கிஃபு மாகாணத்துப் பட்டறைகளில் செய்கிறார்கள். உன் உயரம் 170 சென்டிமீட்டர் என்றால் 2 ஷாக்கு 4 சுன் 5 பு, அதாவது 74 சென்டிமீட்டர் சொச்சம் அலகு பொருந்தும். ஆனால் சென்செய் உன் தோளையும் கையையும் பார்த்துச் சொல்கிற அளவே கடைசி அளவு. பொம்மை வாள் என்று நினைத்து முகம் சுளிக்காதே. கெண்டோ சங்கத்தின் 12 வடிவங்களையும் அதில்தான் பழக வேண்டும். பல வருஷம் பழகியவர்கள் கூட அதையே பயன்படுத்துகிறார்கள்.

கூர் வாள் அவசரக்காரனை எங்கே வெட்டும் என்று சொல்கிறேன், கேள். வீசும்போது வெட்டாது. உறையில் போடும்போதுதான் வெட்டும். உறையின் வாயை இடக்கையால் பற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அலகின் முதுகைத் தேய்த்து இழுத்து உள்ளே விடுகிறோம் அல்லவா, அந்த இடத்தில்தான். உறையின் வாய்க்கு ஜப்பானியர் வைத்த பெயர் கொய்குச்சி, கெண்டை மீனின் வாய். அது கடிக்கும். என்னோடு பயின்ற ஒருவருக்கு ஏழு தையல் போட்டார்கள். ஆயிரக்கணக்கான முறை இயாய்த்தோவில் உறையிட்டு, கண் பார்க்காமலே கை வழி கண்ட பிறகுதான் கூர் வாளைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன்னால் பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியைத் தொட்டுப் பார். அலகையும் பிடியையும் சேர்த்து நிறுத்துவது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த ஆணிதான். வாள் கை நழுவினால் பிடிக்கப் போகாதே, காலை இழுத்துக்கொண்டு விழ விடு.

இப்போது நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

ஜப்பானுக்குப் போய் நான்காம் வருஷம், ஒரு பழம்பொருள் சந்தையில் ஒரு குட்டை வாள் வாங்கினேன். வாக்கிஸாஷி. 42 சென்டிமீட்டர் அலகு, முறையான சீட்டோடு. இரண்டு மாதச் சேமிப்பு அதில் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து, மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினேன். உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதி, நககோ என்பார்கள், கரும்பழுப்பு நிறத்தில் துருவேறி இருந்தது. நடுவில் உளியால் வெட்டிய இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நான் ஆலையில் வேலை பார்த்தவன். துரு என்றால் எதிரி என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துருநீக்கி ஊற்றிக் கழுவினேன். சாயங்காலம் அது புது ஸ்பூன் மாதிரி பளபளத்தது. அலகையும் கொஞ்சம் தேய்த்து வாங்கலாம் என்று அடுத்த சனிக்கிழமை சேகிக்குப் போய் ஒரு முதிய சாணைக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் வாளுக்கு ஒரு வணக்கம் சொல்லி வாங்கினார். பிடியைக் கழற்றினார். பார்த்தார். அப்படியே துணியின் மேல் வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கோபம் துளிகூட இல்லாத குரலில், "இந்த நிறம் வர நானூறு வருஷம் ஆகியிருக்கும்" என்றார்.

வாலின் துருவை யாரும் துடைக்க மாட்டார்கள். கொல்லர் பெயர் வெட்டிய நாளிலிருந்து அந்த இடம் மட்டும் யார் கையும் படாமல், சாணை படாமல் கிடக்கிறது. அந்தப் பழந்துரு அடியிலுள்ள இரும்பை மேலும் தின்னாமல் காக்கிறது. அதன் நிறத்தை வைத்துத்தான் வாளின் வயதைச் சொல்கிறார்கள். கொல்லர் அரம் போட்ட கோடுகள் எந்தச் சாய்வில் போகின்றன என்று பார்த்துத்தான் அவர் எந்தப் பள்ளி என்று சொல்கிறார்கள். பெயர் போலியா உண்மையா என்று அந்த எழுத்தின் ஓரத்தில் துரு எப்படி இறங்கியிருக்கிறது என்பதே சொல்லும். நான் துடைத்தது அழுக்கு இல்லை, மாப்பிள்ளை. இரண்டு எழுத்தில் முதல் எழுத்து மட்டும் தப்பித்தது. 'கானே' என்ற எழுத்து. சேகி இருக்கும் பழைய மினோ நாட்டுக் கொல்லர்கள் பலரின் பெயருக்கு முன்னால் நிற்பது. அடுத்த எழுத்தை நான் உப்புத்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். அந்த வாள் நானூறு வருஷத்தில் எத்தனையோ கை மாறியிருக்கும். தீக்கும் போருக்கும் 1945க்கும் தப்பி வந்திருக்கிறது. என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கியது.

கெட்ட எண்ணத்தால் நான் அதைச் செய்யவில்லை. ஆசையால் செய்தேன். அதனால்தான் உன் ஆசையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கக் கற்றுக்கொள். அதற்கு நாகோயாவைவிட நல்ல ஊர் கிடையாது. தோகுகாவா கலை அருங்காட்சியகம் உன் வீட்டிலிருந்து எட்டும் தூரம். அத்சுதா கோயிலுக்குள் 2021இல் வாள்களுக்கென்றே குசானாகி மாளிகை திறந்திருக்கிறார்கள். ஆளைவிட நீளமான போர்வாள் ஒன்று அங்கே இருக்கிறது, நீ இரண்டு கையால் தூக்க நினைத்தாலே மூச்சு வாங்கும். சேகிக்கு நாகராகாவா ரயிலில் போ. கொல்லர் அருங்காட்சியகத்தில் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்கள் முன்னால் அடித்துக் காட்டுகிறார்கள்.

கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்றால் ஒன்றும் தெரியாது. முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, விளக்கின் ஒளி அலகில் விழும் இடத்தைத் தேடு. முதலில் முழு வடிவத்தைப் பார், எங்கே வளைவு ஆழமாகிறது என்று. பிறகு இரும்பின் தோல். மடித்த அடுக்குகள் சில வாளில் பலகையின் ரேகை மாதிரி, சிலவற்றில் கணுவைச் சுற்றும் சுழி மாதிரி தெரியும். கடைசியாக ஹமோன். பிஸென் நாட்டு வாள்களில் கிராம்பு மொட்டுகளை நெருக்கி அடுக்கியது போல வரும். அவர்களே அதைக் கிராம்பு என்றுதான் சொல்கிறார்கள். வாளுக்குப் பூசும் எண்ணெயிலும் கிராம்பு வாசம்தான் வரும். சேகியின் புகழ்பெற்ற கானேமோத்தோ வகையில் மூன்று தேவதாரு மரங்கள் சேர்ந்து நிற்பது போல வரும். பக்கத்து மாகாணத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விட்டுவிடாதே. இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து மணிக்கணக்கில் ஒரே வாளின் முன்னால் நிற்பதைப் பார்ப்பாய். 2015இல் வந்த ஒரு விளையாட்டு வழியாக வாளை அறிந்தவர்கள் பலர். அவர்கள் குறிப்பேட்டில் ஹமோனை வரைந்துகொள்வார்கள். நீயும் வரை. செத்தோஉச்சி என்ற சின்ன நகரம் யாமாதோரிகே என்ற ஒரே வாளைத் தங்கள் மண்ணுக்கு மீட்க, நாடெங்கும் நன்கொடை திரட்டி 2020இல் 50 கோடி யென் கொடுத்தது. அந்த வாளை அந்த ஊரில் யாரும் இடுப்பில் கட்டிக்கொள்ளப் போவதில்லை. பார்ப்பதற்காக வாங்கினார்கள்.

என்றைக்காவது நீ வாங்குவாய், எனக்குத் தெரியும். அன்று சென்செய்யைக் கூட்டிக்கொண்டு போ. சீட்டிலுள்ள அளவையும் வாளையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கு. கைமாறிய 20 நாளுக்குள் சீட்டு கொடுத்த மாகாணக் கல்விக் குழுவுக்கு எழுதிப்போடு. அலகை விரலால் தொடாதே, அதன் மேல் பேசாதே. எச்சில் பட்ட இடம் சில நாளில் புள்ளியாகத் துருப்பிடிக்கும். அலகின் துருவும் வாலின் துருவும் ஒன்றில்லை. அலகில் துரு கண்டால் சாணைக்காரரிடம் கொடு. வாலின் துருவை விட்டுவிடு.

அந்தக் குட்டை வாளை நான் ஊர் திரும்பும்போது கொண்டுவரவில்லை. அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சென்செய் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். டோஜோவின் அலமாரியில் வெள்ளை மர உறைக்குள் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவார்கள். அடுத்த முறை மாற்றும்போது பக்கத்தில் உட்கார அனுமதி கேள். பிடியைக் கழற்றி வாலைக் காட்டச் சொல். கூடவே பதிவுச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார். சீட்டில் இரண்டு எழுத்து இருக்கும். இரும்பில் ஒன்றுதான் இருக்கும்.

அன்புடன்
மாமா